பணியிடம் காலியாகும் முன்பே

தேசியப் பண்பாட்டு அருங்காட்சியகம் ஒன்றின் மனிதவளப் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்து, மேலாளராக ஓய்வு பெற்றவள் நான். அத்தனை ஆண்டுகளிலும் என்னை விடாமல் வருத்திய விதி ஒன்று உண்டு. ஒருவர் ஓய்வு பெற்ற பிறகுதான் அவருடைய பணியிடம் காலியானதாகக் கணக்கில் வரும். விளம்பரம், விண்ணப்பம், நேர்முகத் தேர்வு எல்லாம் அதற்குப் பிறகே தொடங்கும். கணக்குப் பிரிவில் இதனால் பெரிய இழப்பு நேராது, முன்னவர் செய்தவை கோப்பில் இருக்கும். பழந்துணிகளைப் பராமரிக்கும் அறையிலோ, போகிறவரும் வருகிறவரும் ஒருவரையொருவர் பார்க்காமலே போவது பேரிழப்பு.

இதை நான் உணர்ந்தது, ஓய்வுக்குச் சில மாதங்களே மீதமிருந்த ஒரு மூத்த பராமரிப்பு வல்லுநரிடம் பணி விவரக் குறிப்பு வாங்கச் சென்ற நாளில். அவர் ஒரு பழைய பட்டுத்துணியை இழுப்பறையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். கையால் தூக்கவில்லை, அமிலமற்ற அட்டையை அடியில் மெல்லச் செருகி, துணி அசையாமல் அட்டையோடு மேசைக்குக் கொண்டுவந்தார். மடிப்பு விழும் இடத்தில் மெல்லிய தாளைச் சுருட்டி வைத்தார். பிறகு கருப்பு ஓரத்தின் மேல், தொடாமல் விரலை நீட்டி, "இந்தச் சாயத்தில் இரும்பு கலந்திருக்கிறது. மற்ற இழைகள் நன்றாக இருக்கும்போதே இது பொடிந்துவிடும்" என்றார். "இது பதிவேட்டில் இருக்கிறதா அம்மா?" என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் எழுதவில்லை, பார்த்தாலே தெரியும் என்றார். என் கையிலிருந்த படிவத்தில் அவருடைய பணி 'துணிப் பொருட்களைப் பராமரித்தல்' என்ற மூன்றே சொற்களில் அடங்கியிருந்தது.

பணியாளர்களின் உடல்நலமும் இத்தகைய அறிவைச் சார்ந்தே இருந்தது. தோல், இறகு போன்றவற்றைப் பூச்சி அரிக்காமலிருக்க ஆர்சனிக், பாதரசச் சேர்மங்களைப் பூசுவது ஒரு காலத்தில் உலகெங்கும் இருந்த வழக்கம். அந்த நஞ்சு இன்றும் பல பழைய சேகரிப்புகளில் தங்கியிருக்கிறது. எந்த அலமாரியைக் கையுறையின்றித் திறக்கக்கூடாது என்பது கிடங்கின் மூத்த ஊழியர்களுக்குத் தெரியும், முதல் நாள் வேலைக்கு வருபவருக்குத் தெரியாது. அதை அறிமுகப் பயிற்சியின் முதல் பாடமாக்கியதை, நான் செய்த எந்தப் பதவி உயர்வுச் சீரமைப்பையும் விடப் பெரிதாக மதிக்கிறேன்.

பன்னாட்டு அருங்காட்சியகங்களின் மன்றம் 2022-இல் பிராகா நகரில் ஏற்றுக்கொண்ட வரையறை, அருங்காட்சியகத்தின் வேலையாக ஆய்தல், சேகரித்தல், பாதுகாத்தல், விளக்குதல், காட்சிப்படுத்தல் என்ற ஐந்தைச் சொல்கிறது. நிதிப் பிரிவுக்கு நான் எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும், இந்த ஐந்தையும் செய்பவர்கள் மனிதர்கள் என்பதையும், ஓய்வுக்கு ஆறு மாதம் முன்பே மாற்று ஆளைத் தற்காலிகப் பணியிடத்தில் அமர்த்த அனுமதி வேண்டும் என்பதையும் வலியுறுத்தினேன். இருமுறை மறுத்தார்கள். மூன்றாம் முறை, அந்தத் துணிப் பராமரிப்பு வல்லுநரின் ஒரே ஒரு பணியிடத்துக்கு, மூன்று மாதம் கிடைத்தது.

காட்சிக்கூடக் காவலர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழந்துணிகளுக்கு ஒளி ஏறக்குறைய 50 லக்ஸ் அளவைத் தாண்டக்கூடாது என்பார்கள். துணிக்கு நன்மை செய்யும் அந்த மங்கலில் நாள் முழுதும் ஒருவரையே நிற்க வைப்பது முறையன்று என்று வாதாடி, சுழற்சி முறையையும் நாற்காலியையும் பெற்றுத் தந்தேன்.

அந்த மூன்று மாதமும் புதியவர் மூத்தவரின் பக்கத்திலேயே நின்றார். முதல் மாதம் மூத்தவர் அவரை எதையும் தொடவிடவில்லை; பார்க்கவும் எழுதவும் மட்டுமே சொன்னார். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம் அந்த அறைக்குப் போனேன். பட்டுத்துணி இருந்த இழுப்பறையில் ஒரு சீட்டு இருந்தது: 'கருப்பு ஓரத்தைப் பிடிக்க வேண்டாம். அட்டையோடு எடுக்கவும்.' கையெழுத்து புதியவருடையது.