குழந்தைக்காக இரண்டு தட்டையும் மாற்றினோம்

ஒரு வருடம் முயன்றும் கரு நிற்கவில்லை என்றால் கணவன், மனைவி இருவருமே பரிசோதனைக்குப் போக வேண்டும். பெண்ணுக்கு 35 வயது தாண்டிவிட்டால் ஆறு மாதத்திலேயே போய்விடுவது நல்லது. நாங்கள் அந்த ஒரு வருடம் முடிந்ததும் போனோம்.

எனக்கு பிசிஓஎஸ், அதாவது கருமுட்டை ஒழுங்காக வெளியாகாமல் செய்யும் ஹார்மோன் கோளாறு. பீரியட்ஸ் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் வரும், சில சமயம் அதையும் தாண்டும். உடலில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டினும் குறைவு. கணவருக்கு விந்தணு எண்ணிக்கை சரியாக இருந்தது, ஓட்டம்தான் போதவில்லை. முன்னோக்கி நீந்தும் அணுக்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021 கையேட்டில் வைத்திருக்கும் கீழ் எல்லை 30 சதவீதம். அவர் ரிப்போர்ட் அதற்கும் கீழே.

டாக்டர் டயட்டீஷியனைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். நான் மட்டும் எழுந்தேன். "சாரும் கூடப் போகணும்மா, அவருக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அவருக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும். குழந்தை தள்ளிப்போகும் வீட்டில் 'இதைச் சாப்பிடு, அதைத் தொடாதே' என்ற பேச்செல்லாம் பெண்ணின் தட்டைப் பார்த்துத்தான் வரும். கருவில் பாதி கணவருடையது என்பது யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.

டயட்டீஷியன் முதலில் விளக்கியது காலக்கணக்கை. ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள் ஆகும், முதிர்ந்து வெளியே வர இன்னும் சில நாட்கள். கருமுட்டையின் கடைசிக் கட்ட வளர்ச்சிக்கும் கிட்டத்தட்ட மூன்று மாதம் பிடிக்கும். "இன்னைக்கு நீங்க சாப்பிடுறது மூணு மாசம் கழிச்சுத்தான் ரிப்போர்ட்ல தெரியும். அதுவரைக்கும் வாரா வாரம் மாற்றத்தைத் தேடாதீங்க" என்றார். எனக்குப் பெரிய தெம்பு கொடுத்தது இந்தக் கணக்குதான். அடுத்த மாதம் பீரியட்ஸ் வந்தபோது அழுகை வந்தது, ஆனாலும் கைவிடத் தோன்றவில்லை.

ஒரு வாரம் வாயில் போடுவதையெல்லாம் மணியோடு எழுதி வரச் சொல்லியிருந்தார். என் நோட்டில் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் கீழே இருந்த 'டீ' என்ற எழுத்தைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டார். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தைச் சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீ உடலில் சேரவிடாது. டீயை ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கச் சொன்னார், கீரையில் எலுமிச்சை பிழிந்துகொள்ளச் சொன்னார். வைட்டமின் சி இருந்தால் அதே இரும்பு நன்றாகச் சேரும். கணவர் நோட்டில் அவர் பேனா நின்றது இரவு பத்தரை மணியில். பாக்கெட் நொறுக்கும் குளிர்பானமும் அங்கே தினமும் இருந்தன.

தட்டில் பாதி காய்கறியும் கீரையும், கால் பங்கு பருப்பு, பயறு, முட்டை, மீன் போன்ற புரதம், மீதிக் கால் பங்கு தீட்டாத தானியம். இதுதான் இருவருக்கும் பொது விதி. பிசிஓஎஸ் உள்ள பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாது, அதனால் எனக்கு இதில் கண்டிப்பு அதிகம். எடை கூடுதலாக இருப்பவர்களுக்கு 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே கருமுட்டை வெளியாவது சீராக வாய்ப்புண்டு. அதற்காகப் பட்டினி கிடக்கவே கூடாது. எடை மிகவும் குறைந்தாலும் கருமுட்டை வெளியாவது நின்றுபோகும்.

டிரான்ஸ் கொழுப்பு உள்ள பேக்கரிப் பண்டங்களை இருவருமே விட்டோம். அமெரிக்காவில் செவிலியர்களைப் பல வருடம் பின்தொடர்ந்து 2007-இல் வெளிவந்த ஆய்வில், இந்தக் கொழுப்பை அதிகம் சாப்பிட்டவர்களிடம் கருமுட்டை சார்ந்த குழந்தையின்மை கூடுதலாகக் காணப்பட்டது. காபி எனக்கு ஒரு நாளைக்குக் காஃபின் 200 மில்லிகிராமுக்குள் இருக்கும்படி. மீன் வாரம் இரண்டு முறை. சுறா போன்ற பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால் சிறிய மீன்கள் மட்டும்.

கணவர் விஷயத்தில் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். நண்பர் ஒருவர் சொன்னார் என்று துத்தநாக மாத்திரை வாங்கலாமா என்று அவர் கேட்டார். டயட்டீஷியன் வேண்டாம் என்றார். 2,300-க்கும் மேற்பட்ட தம்பதிகளை வைத்து அமெரிக்காவில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், ஆண்களுக்குத் துத்தநாகமும் ஃபோலிக் ஆசிட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். விந்தணுத் தரமும் கூடவில்லை, குழந்தைப் பேறும் கூடவில்லை. வயிற்று உபாதைதான் கூடியது. மாறாக, 2018-இல் வெளியான ஸ்பெயின் ஆய்வில் 14 வாரம் தினமும் 60 கிராம் பாதாம், வால்நட், ஹேசல்நட் கலந்து சாப்பிட்ட இளைஞர்களுக்கு எண்ணிக்கையும் ஓட்டமும் மேம்பட்டன. அவர்கள் ஏற்கெனவே ஆரோக்கியமானவர்கள் என்பதையும் அவர் மறைக்காமல் சொன்னார். அன்றிலிருந்து இரவு நொறுக்குக்குப் பதில் ஒரு கைப்பிடி வால்நட்டும் பாதாமும்.

ஜிம்முக்குப் போகும் ஆண்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உடம்பு ஏற்றுவதற்காகப் போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசியும் ஸ்டீராய்டும் விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும். கணவர் குடித்துவந்த பவுடர் டப்பாவின் லேபிளை டயட்டீஷியன் வாங்கி முழுதும் வாசித்த பிறகே சரி என்றார். சிகரெட்டை விட்டது அவராக எடுத்த முடிவு. எனக்கு அதில் இன்றும் பெருமை.

ஃபோலிக் ஆசிட் மட்டும் உணவை நம்பி விடக்கூடாத ஒன்று. கருத்தரிக்க ஒரு மாதம் முன்பாவது தினமும் 400 மைக்ரோகிராம் தொடங்கிவிட வேண்டும். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய் கரு உண்டான 28 நாளுக்குள் மூடிவிடும், நாள் தள்ளிப்போனதை நாம் கவனிப்பதற்குள் அது பெரும்பாலும் முடிந்துவிடும். சர்க்கரை நோய் உள்ளவர்கள், வலிப்புக்கு மாத்திரை எடுப்பவர்கள், முன்பு நரம்புக்குழாய் குறையோடு கரு உண்டானவர்கள் ஆகியோருக்கு அளவு கூடும். அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் பி12 அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதம் கழித்து வந்த ரிப்போர்ட்டில் கணவரின் விந்தணு ஓட்டம் எல்லையைத் தாண்டியிருந்தது. எனக்கு பீரியட்ஸ் இடைவெளி சுருங்கியது, ஃபெரிட்டின் ஏறியது. ஆனாலும் ஸ்கேனில் கருமுட்டை ஒழுங்காக வெளியாவது தெரியாததால், அதைத் தூண்டும் லெட்ரோசோல் மாத்திரை கொடுத்தார்கள். அதன் பிறகுதான் கரு நின்றது. இதில் சாப்பாட்டின் பங்கு எவ்வளவு, மாத்திரையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

கருக்குழாய் அடைப்பையோ, விதைப்பையில் ரத்தக்குழாய் வீங்கும் வெரிகோசீலையோ எந்தக் கீரையும் சரிசெய்யாது. நன்றாகச் சாப்பிட்டும் தள்ளிப்போகிறது என்றால் உங்கள் தட்டில் குறை தேடி மனம் நோகாதீர்கள், மேல் பரிசோதனையைக் கேளுங்கள். டயட்டீஷியனிடம் முதல் முறை போகும்போது இருவரின் ரத்தப் பரிசோதனை, விந்தணு ரிப்போர்ட், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டை, ஒரு வார உணவு நோட்டு ஆகியவற்றைக் கையோடு எடுத்துப் போங்கள். எங்களுக்கு முதல் நாளே பாதி வேலை முடிந்தது அவை கையில் இருந்ததால்தான்.