தேதி இல்லாத மட்டம்

பொதுப்பணித் துறையில் சேர்ந்த முதல் கோடையிலேயே என்னைக் கொள்ளிடத்தில் இறக்கிவிட்டார்கள். குறுக்கு வெட்டு எடுக்கும் வேலை, அதாவது கரையிலிருந்து கரைவரை ஆற்றுத் தரையின் உயரத்தை அளப்பது. இந்தக் கரையில் ஒரு கல், எதிர்க்கரையில் ஒரு கல். இடையில் இருபது மீட்டருக்கு ஒரு தடவை ஸ்டாஃப் என்ற அளவுகோலை நிறுத்தி, லெவல் கருவி வழியாக மட்டம் படிக்க வேண்டும். வெயிலைத் தவிர இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன்.

முழங்கால் அளவு தண்ணீர் ஓடிய இடத்துக்கு வந்ததும் தெரிந்தது. ஸ்டாஃபை ஊன்றியதுமே அதன் அடியைச் சுற்றி மணல் கரையத் தொடங்கியது. நான் லெவலின் குமிழியைச் சரிசெய்வதற்குள் ஸ்டாஃப் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. மறுபடி படித்தால் வேறு எண். கூட வந்த துறைக் களப்பணியாளர், லஸ்கர், இடுப்புத் துண்டிலிருந்து உள்ளங்கை அகல இரும்புத் தகடு ஒன்றை எடுத்து அடியில் போட்டார். “சீக்கிரம் படியுங்கள் சார், தகடும் ரொம்ப நேரம் நிற்காது” என்றார். வெறுங்காலால் மிதித்தே புது மணல் எது, பழைய மணல் எது, எங்கே அடியில் களி கிடக்கிறது என்று சொல்லிவிடுவார். என் காலுக்கு எல்லாம் மணலாகத்தான் இருந்தது.

ஐப்பசி வெள்ளம் வடிந்து, தை மாதத்தில் அதே கோட்டில் மறுபடி அளந்தேன். ஓரிடத்தில் முக்கால் மீட்டர் பள்ளம். “பெஞ்ச் மார்க்கைத் தப்பாகப் பிடித்திருக்கிறாய்” என்று மேலதிகாரி தாளைத் திருப்பி எறிந்தார். உயரம் தெரிந்த ஆதாரப் புள்ளிக்குத்தான் அந்தப் பெயர். மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் அதே பள்ளம். கோடையில் எடுத்ததும் சரி, தையில் எடுத்ததும் சரி.

உண்மையான ஆழம் இரண்டிலும் இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. வெள்ளம் ஏறும்போது ஆறு தன் தரையையே தோண்டிக்கொண்டு போகிறது. வடியும்போது சுமந்து வந்த மணலை அதே குழியில் போட்டு மூடிவிடுகிறது. நாம் போய்ப் பார்க்கையில் பெரும்பாலும் சமமாக இருக்கும், மிஞ்சினால் என் முக்கால் மீட்டர் மாதிரி ஒரு பள்ளம். பாலம் கட்டுகிறவர்கள் வெள்ளத்தின் அளவையும் மணலின் பருமனையும் வைத்து, லேசி என்ற பொறியாளரின் சூத்திரத்தில், வெள்ளம் தோண்டும் அரிப்பு ஆழத்தைக் கணக்கிடுவது இதற்காகத்தான். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் திருச்சியில் 1928-இல் கட்டிய பழைய கொள்ளிடப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. போக்குவரத்து அதற்கு முன்பே பக்கத்துப் புதிய பாலத்துக்கு மாறியிருந்தது நல்ல வேளை.

ஒரு சொல் குழப்பம். எங்கள் கோப்புகளில் படுகை என்றால் ஆற்றின் தரை. கரையோரத்தில் படுகை என்றால் ஆற்றுக்கும் கரைக்கும் இடையில் வாழை போடுகிற நிலம். “படுகை இறங்கிவிட்டது” என்று ஒரு விவசாயியிடம் சொல்லப்போக, மனிதர் வாழைத் தோட்டத்தைப் பார்க்க ஓடிவிட்டார்.

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் ஆறு காவிரி, கொள்ளிடம் என்று பிரிகிறது. இரண்டில் கொள்ளிடம்தான் சரிவு கூடியது. கடலுக்கு நேராக ஓடுகிறது. அதன் தரை ஆழமாகிக்கொண்டே போக, காவிரி பிரியும் வாய் மேடாகி, தஞ்சைக்குப் போக வேண்டிய தண்ணீர் கொள்ளிடத்தில் போனது. ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836-இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைத் தொடங்கியது இதைத் தடுக்க. தண்ணீர் திரும்பியதும் காவிரி தன் தரையை அரிக்க ஆரம்பித்தது. பத்தாண்டுக்குள் காவிரியின் குறுக்கேயும் ஒரு தடுப்பு போட வேண்டியதாயிற்று. ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் எழும்பும் மெத்தை மாதிரி. ஆழம் காண முடியாத மணலில் அடித்தளம் போடும் வித்தையைக் கல்லணையைப் பார்த்துத்தான் கற்றதாகக் காட்டனே எழுதியிருக்கிறார். கல்லை மணலில் போட்டு, அது புதையப் புதைய மேலே மேலே போட்டுக்கொண்டே வந்த வேலை அது. மணலோடு கல்லணை கட்டியவர்கள் சண்டை போடவில்லை என்பது என் எண்ணம்.

அதன் பிறகு நான் தயாரித்த ஒவ்வொரு வரைபடத்திலும் தரை மட்டத்துக்குப் பக்கத்தில் அளந்த தேதியையும் எழுதினேன். வரைவுப் பிரிவில் அதை அடித்துவிடுவார்கள், படம் அசிங்கமாக இருக்கிறதாம். திரும்பி வந்ததும் பென்சிலால் மறுபடி எழுதி அனுப்புவேன்.