தோல்விக்குப் பரிசு வைத்த விளையாட்டு

அமெரிக்காவில் ஒரு என்.பி.ஏ. கூடைப்பந்து அணியின் டிக்கெட் பிரிவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்களில் யார் அடுத்த வருடத்துக்கும் பணம் கட்டுவார்கள், யார் விலகிவிடுவார்கள் என்று தரவுகளை வைத்துக் கணித்துச் சொல்வது என் பொறுப்பு. நான் இருந்த காலத்தின் பெரும்பகுதி அணி தோற்றுக்கொண்டே இருந்தது. அணி பலவீனமாக இருந்தது என்பது ஒரு காரணம். தோற்பதுதான் லாபம் என்று மேலிடத்தில் கணக்குப் போட்டிருந்தார்கள் என்பது இன்னொரு காரணம்.

அங்கே இதை டேங்கிங் என்பார்கள். கல்லூரிகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வரும் இளம் வீரர்களை அணிகள் வரிசைப்படி எடுத்துக்கொள்ளும் டிராஃப்ட் ஆண்டுதோறும் நடக்கிறது. முந்தைய சீசனில் மோசமாக ஆடிய அணிகளுக்கு அதில் முன்னுரிமை. நலிந்த அணி எழுந்து வரட்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் கூடைப்பந்தில் ஓர் அணிக்கு ஐந்து பேர்தான் களத்தில் நிற்பார்கள். ஒரே ஒரு அபூர்வமான வீரர் வந்தாலே அணியின் தலையெழுத்து மாறிவிடும். 1997இல் டிம் டங்கன், 2003இல் லெப்ரான் ஜேம்ஸ், 2023இல் விக்டர் வெம்பன்யாமா. அப்படி ஒருவர் வரப்போகிறார் என்று தெரிந்துவிட்டால், பிளேஆஃப் வாய்ப்பை இழந்த அணிக்கு, சீசன் முடியப்போகும் மார்ச் மாதத்தில் கிடைக்கும் ஒவ்வொரு வெற்றியும் நஷ்டம்.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள், வீரர்கள் வேண்டுமென்றே பந்தைத் தவறவிடுவதாக நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை அப்படி இல்லவே இல்லை. சீசன் முடியும் நேரத்தில் பத்து நாள் ஒப்பந்தத்தில் வரும் பையன்கள் உயிரைக் கொடுத்து ஆடுவார்கள். அடுத்த வருடம் எங்காவது வேலை கிடைக்குமா என்பது அந்த ஆட்டங்களில்தான் இருக்கிறது. பயிற்சியாளருக்கும் ஒவ்வொரு தோல்வியும் அவர் பெயரில்தான் பதிவாகும். தோல்வி தயாராகும் இடம் அலுவலகம். பிப்ரவரியில் அனுபவசாலிகளை வேறு அணிகளுக்கு மாற்றிவிடுவார்கள். நன்றாக ஆடக்கூடியவர் பெயருக்கு எதிரே முழங்கால் வலி என்று காயப் பட்டியலில் எழுதுவார்கள். ஆட்டம் நெருக்கமாகப் போனால் கடைசிக் கால்வாசி நேரத்தில் முக்கியமானவர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். களத்தில் இருக்கும் ஐந்து பேரும் நேர்மையாகத்தான் ஆடுகிறார்கள். ஜெயிக்க முடியாத ஐந்து பேராகப் பார்த்து அனுப்பியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

புதுப்பிக்கும் மாதங்களில் விற்பனைப் பிரிவினரோடு உட்கார்ந்து வாடிக்கையாளர்களின் தொலைபேசி அழைப்புகளைக் கேட்பேன். திட்டுகிறவர்களைப் பற்றி எனக்குக் கவலை இருந்ததில்லை, அவர்கள் பெரும்பாலும் திரும்பி வந்துவிடுவார்கள். சத்தமில்லாமல் போகிறவர்கள்தான் திரும்ப மாட்டார்கள். பேரனோடு வரும் ஒரு பெரியவர் கேட்டது நினைவிருக்கிறது: "நீங்கள் தோற்பதில் எனக்கு வருத்தமில்லை அம்மா. இதைவிட மோசமான அணிகளையும் இதே நாற்காலியிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் நான் கத்தும்போது, நான் கேட்பதையே நீங்களும் விரும்புகிறீர்களா என்று தெரிய வேண்டும்." விற்பனைப் பெண்ணிடம் அதற்குப் பதில் இல்லை. இளம் வீரர்கள், எதிர்காலம் என்று எழுதிக் கொடுத்ததைப் படித்தாள். அணி தோற்க வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் யாரும் அந்தத் தொலைபேசியை எடுப்பதில்லை. எனக்கு இந்த விஷயத்தில் கோபம் தொடங்கிய இடம் அதுதான்.

அப்புறம் இதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். 1966 முதல் 1984 வரை இரண்டு பிரிவுகளிலும் கடைசியாக வந்த அணிகளுக்கு இடையே நாணயம் சுண்டி டிராஃப்டின் முதல் இடத்தை முடிவு செய்தார்கள். கடைசி இடம் என்றாலே பாதி வாய்ப்பு கையில். 1984 வசந்தத்தில் ஹூஸ்டன் ராக்கெட்ஸ், 38 வயது எல்வின் ஹேய்ஸை, கூடுதல் நேரத்துக்குப் போன ஓர் ஆட்டத்தில் 53 நிமிடமும் களத்தில் நிறுத்தியது. நாணயம் சுண்டியதிலும் ஜெயித்து, ஹகீம் ஒலாஜுவானை எடுத்துக்கொண்டது. அடுத்த வருடமே குலுக்கல் முறையான லாட்டரி வந்துவிட்டது. 1985இல் பிளேஆஃபுக்கு வராத ஏழு அணிகளுக்கும் சம வாய்ப்பு, ஏழு உறைகள். நியூயார்க் நிக்ஸுக்கு பேட்ரிக் யூயிங் கிடைத்தார்.

உண்மையிலேயே பலவீனமான அணி ஏமாறுகிறதே என்று 1990இல் மோசமான அணிக்கு அதிக வாய்ப்பு கொடுத்தார்கள். 1993இல் 41 வெற்றி, 41 தோல்வியோடு பிளேஆஃபைத் தவறவிட்ட ஆர்லாண்டோ, 66இல் ஒரே ஒரு வாய்ப்பை வைத்துக்கொண்டு முதலிடம் பெற்றது. அதற்கு முந்தைய வருடம்தான் ஷகீல் ஓ'நீல் அவர்களுக்குக் கிடைத்திருந்தார். உடனே மறுபக்கம் சாய்ந்தார்கள். 1994 முதல் கடைசி அணிக்கு முதலிட வாய்ப்பு 25 சதவீதம். அந்த 25 சதவீதத்தின் விளைச்சல்தான் பிலடெல்ஃபியா. சாம் ஹிங்கி அணியின் பொது மேலாளராகப் பொறுப்பேற்ற 2013க்குப் பிறகு மூன்று சீசன்களில் 19, 18, 10 வெற்றிகள். கடைசி சீசனில் 72 தோல்வி. விதியை மீறாமல், ஒளிவுமறைவும் இல்லாமல், விதி எதற்குப் பரிசு கொடுக்கிறதோ அதை அவர் செய்தார். அவர் மீது எனக்குப் பெரிய கோபமில்லை. அப்படிப் பரிசு வைத்த அணி முதலாளிகள் மீதுதான்.

2019இல் இன்னொரு திருத்தம். கடைசி மூன்று அணிகளுக்கும் ஒரே 14 சதவீதம். கடைசியாக வருவதற்கென்று தனி லாபம் குறைந்தது உண்மை. ஆனால் நடந்ததைப் பாருங்கள். டெட்ராய்ட் 2022-23இலும் அடுத்த சீசனிலும் எல்லோரையும்விட மோசமாக ஆடியது. இரண்டாவதில் தொடர்ந்து 28 தோல்வி. இரண்டு முறையும் கிடைத்தது ஐந்தாம் இடம். 2025இல் 1.8 சதவீத வாய்ப்பு வைத்திருந்த டல்லஸ் முதலிடம் பெற்று கூப்பர் ஃபிளாக்கை எடுத்தது. அதே வருடம் 17 வெற்றியோடு கடைசியில் இருந்த யூட்டா ஐந்தாவதுக்குத் தள்ளப்பட்டது. தோற்கும் ஆசை போகவில்லை. அது அதிக அணிகளுக்குப் பரவியது, உதவி தேவைப்பட்ட அணிக்கு உதவியும் உறுதியாகக் கிடைக்கவில்லை.

அபராதம் போட்டால் போதும் என்பவர்களுக்கு டல்லஸ் கதையைச் சொல்வேன். 2018இல் அணி முதலாளி மார்க் கியூபன், தோற்பதே நமக்கு நல்லது என்று வீரர்களிடம் சொன்னதாக வெளிப்படையாகப் பேசி ஆறு லட்சம் டாலர் கட்டினார். 2023 ஏப்ரல் 7ஆம் தேதி, பிளேஆஃபுக்குள் நுழைவதற்கான பிளே-இன் சுற்றுக்கு இன்னும் வாய்ப்பிருந்த நிலையில், டல்லஸ் முக்கிய வீரர்கள் பலரை உட்கார வைத்து சிகாகோவிடம் தோற்றது. அந்த வருட டிராஃப்ட் தேர்வு முதல் பத்துக்கு வெளியே போனால் நியூயார்க்குக்குக் கொடுக்க வேண்டும் என்று முன்பே ஒப்பந்தம். அபராதம் ஏழரை லட்சம் டாலர். தேர்வு பத்தாவதாகக் கையில் நின்றது. அதை ஓக்லஹோமா சிட்டியோடு மாற்றி, பன்னிரண்டாவதாக டெரெக் லைவ்லியை எடுத்தார்கள். அடுத்த சீசனில் அவரும் ஆடிய அணி இறுதிச்சுற்று வரை போனது. ஏழரை லட்சத்துக்கு இதைவிட மலிவாக என்ன வாங்க முடியும்? நோக்கத்தை நிரூபிப்பதும் கஷ்டம். முழங்கால் வலிக்கிறது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால், இல்லை என்று யார் சொல்வது? என்னிடம் கேட்டால், இந்த நிபந்தனைத் தேர்வுகளை முதலில் ஒழிக்க வேண்டும். பத்தாம் இடத்துக்கும் பதினொன்றாம் இடத்துக்கும் நடுவில் ஒரு பள்ளத்தை வெட்டி வைத்துவிட்டு, விழாதே என்று தண்டிக்கிறார்கள்.

எனக்குப் பிடித்த தீர்வு ஆடம் கோல்ட் என்பவர் முன்வைத்தது. பிளேஆஃப் வாய்ப்பு கணக்குப்படி முடிந்துபோன பிறகு ஓர் அணி எவ்வளவு ஜெயிக்கிறதோ, அதை வைத்து டிராஃப்ட் வரிசை. பலவீனமான அணி முன்னதாகவே வெளியேறிவிடும், அதனால் புள்ளி சேர்க்க அதற்கு அதிக ஆட்டங்கள் மிஞ்சும். உதவி போக வேண்டிய இடத்துக்குப் போகிறது, ஆனால் ஜெயித்து வாங்க வேண்டும். வட அமெரிக்கப் பெண்கள் ஐஸ் ஹாக்கி லீகான பி.டபிள்யூ.எச்.எல். 2024இல் தன் முதல் சீசனிலேயே இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கடைசியாக வந்த நியூயார்க் அணியே முதல் தேர்வைப் பெற்றது. சீக்கிரம் வெளியேறுவதற்காக சீசன் தொடக்கத்தில், நவம்பரிலேயே தோற்க மாட்டார்களா என்று கேட்கலாம். முயற்சி செய்பவர்கள் இருப்பார்கள். ஆனால் நவம்பரில் பயிற்சியாளர், ரசிகர்கள், ஒளிபரப்பு எல்லோரும் நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வசந்தத்தில் ஜெயிக்கக்கூடிய அணியையும் அதே நேரத்தில் கையில் வைத்திருக்க வேண்டும். பெண்கள் கூடைப்பந்தான டபிள்யூ.என்.பி.ஏ.வில் லாட்டரி வாய்ப்பை இரண்டு சீசன்களின் முடிவைச் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். அதையும் இதோடு இணைத்தால் ஒரு சீசனைத் திட்டமிட்டு வீணடிப்பதன் பலன் இன்னும் குறையும்.

தடை எங்கே என்றால், வாக்கெடுப்பில். விதியை மாற்ற 30 முதலாளிகளில் 23 பேர் சம்மதிக்க வேண்டும். 2014 அக்டோபரில் ஒரு சீர்திருத்தம் 17க்கு 13 என்று ஆதரவு பெற்றும் நிறைவேறவில்லை. பிலடெல்ஃபியாவின் அந்த மூன்று சீசன்களைப் பார்த்த பிறகுதான், 2019இல் வந்த அந்தத் திருத்தத்துக்கு 2017இல் 28 பேர் கை தூக்கினார்கள். சிறிய ஊர் அணிகளின் பயத்தையும் நான் தள்ளிவிடவில்லை. பெரிய நட்சத்திரங்கள் லாஸ் ஏஞ்சலஸுக்கும் மயாமிக்கும் தாங்களாகவே போவார்கள், எங்கள் ஊருக்கு யார் வருவார்கள், டிராஃப்ட் ஒன்றுதான் எங்கள் வழி என்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் டெட்ராய்ட் 14 வெற்றியிலிருந்து அடுத்த வருடமே 44 வெற்றிக்குப் போனது புதிய பயிற்சியாளராலும், டோபையஸ் ஹாரிஸ் போன்ற அனுபவசாலிகளைக் கூட்டி வந்ததாலும், ஏற்கெனவே இருந்த இளைஞர்கள் ஜெயிக்கப் பழகியதாலும்தான். அதற்கு முந்தைய ஆண்டுகளின் தோல்விகளில் அந்த இளைஞர்கள் கற்றுக்கொண்டது என்ன என்பதை 2014இல் எதிர்த்து வாக்களித்த அந்தப் பதின்மூன்று பேரும் தங்கள் வீரர்களிடமே கேட்டுப் பார்க்கலாம்.