பிளக்ஸைப் பார்த்து டி.சி. வாங்காதீர்கள்

ரிசல்ட் வந்த கையோடு கும்பகோணத்தில் பிளக்ஸ் ஏறிவிடும்: 600க்கு இத்தனை, சென்டம் இத்தனை, நூறு சதவீதத் தேர்ச்சி. பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்க்கத் துடிக்கும் 'பேரான பள்ளி' என்பது டெல்டாவில் பெரும்பாலும் இதுதான். இல்லாவிட்டால் நூறாண்டுக் கட்டடம். ராமானுஜன் படித்த டவுன் ஹைஸ்கூலும் இங்கேதான். அங்கே பரிசு வாங்கியவர், 1904இல் அதே ஊர் அரசுக் கல்லூரியில் சேர்ந்து, கணக்கைத் தவிர மற்றதில் கோட்டைவிட்டு உதவித்தொகையை இழந்தார். அது எந்தப் பலகையிலும் ஏறாது.

நூறு சதவீதத்தை நம்புமுன், போன வருஷம் ஒன்பதாவதில் எத்தனை பேர், இந்த வருஷம் பத்தாவது எழுதியது எத்தனை பேர் என்று பாருங்கள். எட்டு வரை ஃபெயில் கிடையாது, வடிகட்டுவது ஒன்பதில்தான். 120 பேர் 90 ஆகியிருந்தால் விஷயம் புரிந்துவிடும். ஆபீசில் சொல்ல மாட்டார்கள். சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகள் சொல்வார்கள்.

அவர்களிடமே கேளுங்கள்: ப்ளஸ் ஒன் ஜனவரியில் எந்தப் புத்தகம் நடந்தது? பன்னிரண்டாவது புத்தகம் என்றால் பதினொன்றாவதை முழுங்கிவிட்டார்கள். நீட் இரண்டிலிருந்தும் கேட்கும். கெமிஸ்ட்ரி லேபையும் எட்டிப் பாருங்கள். பியூரெட் என்னும் அளவுக் குழாயில் தூசி படிந்திருந்தால், செய்முறைக்கான 20 மார்க் எப்படியும் வந்துவிடும் என்ற தைரியம்தான்.

பெரிய கண்ணி வேறு இடத்தில். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு; மருத்துவத்தில் 2020 முதல், பொறியியல், வேளாண்மையில் 2021 முதல். ஒன்பதிலோ ப்ளஸ் ஒன்னிலோ பேரான தனியார் பள்ளிக்கு மாற்றினால் அது போச்சு, திரும்பி வந்தாலும் கிடைக்காது. அரசு உதவிபெறும் பள்ளியும் இதில் சேராது. இங்கே பழம்பெருமை பேசும் பள்ளிகளில் பல அந்த வகைதான். பொறியியல் கவுன்சலிங்கில் கணக்கு நூறு, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி, மொத்தம் 200க்குக் கட்-ஆஃப். பள்ளிப் பெயருக்கு அதில் அரை மார்க்கூடக் கிடையாது.

இத்தனைக்குப் பிறகும் மாற்றுவதென்றால், கேட்ட குரூப்பில் பெயர் ஏறி, பணம் கட்டிய ரசீது கையில் வரும்வரை பழைய பள்ளியில் டி.சி. கேட்காதீர்கள். 'ஃபர்ஸ்ட் குரூப் தர்றோம், டி.சி.யோட வாங்க' என்ற வாய்வார்த்தையை நம்பிப் போய், ஜூனில் காமர்ஸ் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகள் உண்டு.