பார்க்கலாம்மா

"பார்க்கலாம்மா" என்றுதான் சொன்னேன். சரி என்று சொல்லவில்லை. இதை எனக்கே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன், மனசு ஆறவில்லை.

பெங்களூரை அடுத்த ஆனேக்கல் பக்கம் எங்கள் கம்பெனி லேஅவுட் போட வாங்கிய நிலம் 60 குண்டே, அதாவது ஒன்றரை ஏக்கர். 2024 ஐப்பசியில் ரிஜிஸ்ட்ரேஷன் முடிந்து வெளியே வரும்போது நிலத்தை விற்ற அம்மா கேட்டார்: "தம்பி, ராகி கதிர் வாங்கிடுச்சு. நடுவுல அவரையும் இருக்கு, தை வரைக்கும் காய்க்கும். அதுவரைக்கும் மண்ணத் தொட மாட்டீங்கல்ல?" மற்றவர்களிடம் கன்னடத்தில் பேசியவர் என்னிடம் மட்டும் தமிழில் கேட்டார். எங்கள் கம்பெனி என்னை அந்த ஊருக்கு அனுப்பியதே இந்தத் தமிழுக்காகத்தான்.

கடன் கேட்டு வந்தவரிடம் 'பார்க்கலாம்' என்றால் இல்லை என்று பொருள். அவருக்கும் அது தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். உண்மையில் நினைத்தேனா, இல்லை பிறகு சேர்த்துக்கொண்டேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. ஜேசிபி வரும் தேதி மட்டும் அன்றைக்கே என் ஃபைலில் இருந்தது.

கார்த்திகையில் ஜேசிபி வந்தது. அறுப்புக்கு இன்னும் இரண்டு வாரம். நான் போனபோது பாதி நிலம் செம்மண்ணாகப் புரண்டு கிடந்தது. அதற்குள்ளிருந்து அவரைப் பூ வாசம் வந்துகொண்டிருந்தது. ஓரத்தில் குனிந்து, சாய்ந்த தாளை அரிவாளால் அறுத்துக்கொண்டிருந்தவர் திட்டவே இல்லை. "முன்னாடியே சொல்லியிருந்தா மாட்டுக்காவது அறுத்துப் போட்டிருப்பேனே தம்பி" என்றார்.

ஏக்கருக்குப் பத்து குவிண்டால் என்றே வைத்துக்கொண்டாலும், அந்த வருட ஆதரவு விலை 4,290 ரூபாய்க்கு மொத்தம் 64,000 சொச்சம்தான். நிலத்துக்கு வந்த பணத்தின் முன் அது ஒன்றுமே இல்லை. பயிருக்கென்றும் தனியாகப் பேசி வாங்கிக் கொடுத்தேன். 2020-இல் கர்நாடகத்தில் சட்டம் மாறி, விவசாயி அல்லாதவரும் விவசாய நிலம் வாங்கலாம் என்று ஆன பிறகு சுற்றிலும் லேஅவுட் வந்துவிட்டது. நாங்கள் இல்லையென்றால் வேறொருவர் வாங்கியிருப்பார். இதெல்லாம் நிஜம். ஆனால் அவர் கேட்டது இதையா?

2025 ஜூலையில் தேவனஹள்ளி பக்கம் சன்னராயபட்டணத்தில் 1,777 ஏக்கரைக் கையகப்படுத்தும் திட்டத்தைக் கைவிடுவதாக முதல்வர் சித்தராமையா அறிவித்தார். மூன்று வருடத்துக்கு மேல் உட்கார்ந்து போராடிய விவசாயிகள் கட்டிப்பிடித்து அழுததை டிவியில் பார்த்தேன். அவர்களுக்கு எதிரே ஓர் அரசாங்கம் இருந்தது, முடியாது என்று அதன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிந்தது. இந்த அம்மா விரும்பித்தான் கையெழுத்துப் போட்டார். அவருக்கு எதிரே நின்றது நான் ஒருவன், அதுவும் தமிழ் பேசிக்கொண்டு.

போன வருடம் சர்ஜாபுரா பக்கம் ஒரு பெரியவர் அதையே கேட்டார். இந்த முறை மழுப்பவில்லை. "முடியாதுங்கய்யா, அடுத்த மாசமே மண் அடிச்சிடுவாங்க" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போனார். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

நாலு நாள் கழித்து அந்த வழியாகப் போனேன். பால் பிடிக்காத ராகியை, அவரும் அவர் மனைவியும் பச்சையாகவே அறுத்து வரப்பில் கட்டுக் கட்டாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வண்டியை நிறுத்தினேன். இறங்கவில்லை.