ஈரம் இல்லாத முகம்

"உங்களுக்கெல்லாம் நெஞ்சுல ஈரமே கிடையாதா சிஸ்டர்?"

அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராகச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, ஒரு மகன் என்னிடம் கேட்ட கேள்வி இது. அவருடைய அப்பாவுக்கு இதயம் நின்றுபோயிருந்தது. நாங்கள் மார்பை அழுத்திக்கொண்டிருந்தோம். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஒவ்வொரு அழுத்தமும் குறைந்தது 5 செ.மீ. ஆழம். 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறியாக வேண்டும், களைத்த கை ஆழமாக இறங்காது. விலா எலும்பு முறிவது உள்ளங்கையில் தெரியும். அப்போதும் நிறுத்தக் கூடாது. நான் வாய்க்குள் எண்ணிக்கொண்டே அழுத்தினேன். கதவோரம் நின்றவர் பார்த்தது என் முகத்தை. அதில் எதுவும் இல்லை.

பல நாள் அவரோடு மனசுக்குள் வழக்காடினேன். அழுதால் எண்ணிக்கை தவறுமே, அது இவருக்குத் தெரியுமா என்று. மூத்தவர்கள், "இதையெல்லாம் காதுல போட்டுக்காதம்மா" என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் காதில் போட்டுக்கொண்டிருக்க வேண்டிய சொல் அது.

ஆங்கிலத்தில் இரக்கமற்றவரைக் குளிர்ந்தவர் (cold) என்பார்கள். நம் மொழியில் குளிர்ச்சிக்குக் கெட்ட பெயர் இல்லை. மனம் குளிர்ந்தது என்றால் மகிழ்ச்சி, தண்ணளி என்றால் கருணை. இரக்கமற்றவரைக் கல் என்போம், ஈரமில்லாதவர் என்போம். 91ஆம் குறளில் ஈரம் என்றால் அன்பு. அங்கே அது சொல்லோடு கலந்து வருகிறது. அந்த மகனுக்குக் கிடைக்காமல் போனதும் ஒரு சொல்தான். மருந்து எடுக்க இரண்டு முறை அவரைக் கடந்து போனேன். இரண்டு முறையும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். பார்த்தால் பதில் சொல்ல வேண்டிவரும் என்ற பயம். உள்ளே என்ன நடக்கிறதென்று ஒருவரும் சொல்லாமல் அவ்வளவு நேரமும் அவர் தனியே நின்றிருக்கிறார்.

உணர்ச்சி காட்டாத முகத்தை நான் இன்றும் குற்றமென்று நினைக்கவில்லை, அந்த வேலைக்கு அது வேண்டும். பார்க்காமல் போனதுதான் குற்றம். அதற்கு அந்தச் சொல் பொருந்தும்.

இப்போதெல்லாம் அப்படி நேரும்போது எங்களில் ஒருவர் குடும்பத்தாரிடம் போய்விடுவோம். "இதயம் நின்னிருக்கு, மார்பை அழுத்தி ஓட வைக்கப் பார்க்கறோம், நான் இங்கேதான் இருப்பேன்." உள்ளே வந்து பார்க்க விரும்பினால் அழைத்துப் போய் அருகில் நிற்போம்.

உயிர் போய்விட்டால், "இறந்துட்டார்" என்றே சொல்கிறேன். "நம்மை விட்டுப் போயிட்டார்" என்று மெதுவாகச் சொன்னபோது, "எந்த ஆஸ்பத்திரிக்கு மாத்தினீங்க?" என்று கேட்டவர் உண்டு. இரண்டாம் முறையாக அந்தச் செய்தியைச் சொன்னது முதல் முறையைவிடக் கொடுமையாக இருந்தது. நேராகச் சொன்னதற்காகவும் ஒரு பெண் என்னைக் கல்நெஞ்சக்காரி என்றார். அதை நான் ஏற்கவில்லை. அவர் அழுது ஓயும்வரை நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.