நாற்பத்தைந்து விநாடிக்கு ஒரு தரம்

ஆடி மாதம் பிறந்த இரண்டாம் நாள் ராத்திரி எங்கள் வீட்டு மோட்டாருக்குத் தூக்கம் கெட்டது. முதலில் ‘டக்’ என்று ஒரு சத்தம். பிறகு மூன்று விநாடி ‘டுர்ர்ர்’. மறுபடி ‘டக்’. சரி, நின்றுவிட்டது என்று புரண்டு படுத்தால், கண் சொருகுகிற நேரம் பார்த்து மீண்டும் ‘டக், டுர்ர்ர்’.

“எங்கயோ குழாயைத் திறந்து விட்டிருக்கீங்க” என்றாள் மனைவி. வீட்டில் எது திறந்து கிடந்தாலும் அது நான்தான் என்பது இருபது வருட அனுபவம். எழுந்து போய் சமையலறை, இரண்டு பாத்ரூம், துணி துவைக்கிற கல் என்று எல்லா இடத்தையும் பார்த்தேன். ஒரு குழாயும் சொட்டவில்லை. திரும்பி வந்தால் அவள் எழுந்து உட்கார்ந்து, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள்.

“நாற்பத்தஞ்சு செகண்டுக்கு ஒரு தடவை ஓடுது. பத்து தடவை பார்த்துட்டேன்.”

இங்கே கொஞ்சம் பூர்வகதை சொல்ல வேண்டும். தாம்பரம் பக்கம் அப்பா கட்டிய வீடு. பின்னால் முப்பது அடி உறைக்கிணறு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் இதே கிணற்றில் குனிந்து கையாலேயே தண்ணீர் மொண்டிருக்கிறோம். 2019 கோடையில் அடிமண் தெரிந்து, அம்மா எப்போதோ தவறவிட்ட பித்தளைச் செம்பு சேற்றில் பல்லைக் காட்டியது. மாடியில் சிமெண்ட் தொட்டி ஒன்று இருந்தது. அது விரிசல் விட்டு, கூடத்துச் சுவரில் இந்திய வரைபடம் போல ஈரம் பூத்ததும், மராமத்துக்கு வந்த மேஸ்திரி ஒரு யோசனை சொன்னார். “தொட்டியே வேணாம் சார். கிணத்துல இருந்து நேரா பிரஷர் டேங்க். ஃபாரின்ல எல்லாம் இப்படித்தான்.”

ஃபாரின் என்ற சொல்லுக்கு மயங்காத குடும்பத்தலைவன் உண்டா? கிணற்றடியில் ஒரு குதிரைத்திறன் மோட்டார், பக்கத்தில் பூசணிக்காய் அளவில் இருபத்து நாலு லிட்டர் இரும்பு டேங்க், ஒரு பிரஷர் கேஜ், தீப்பெட்டிக்குப் பெரியப்பா மாதிரி ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. அந்தப் பெட்டிதான் பிரஷர் ஸ்விட்ச். குழாயில் அழுத்தம் இருபது பி.எஸ்.ஐ.க்கு (அழுத்தத்தை அளக்கிற கணக்கு அது) இறங்கினால் மோட்டாரைப் போடும், நாற்பதுக்கு ஏறினால் அணைக்கும். மின்வெட்டு வந்தால் மட்டும் டேங்கில் இருக்கிற ஏழெட்டு லிட்டரோடு கதை முடியும். ஃபாரினில் அவ்வளவாக மின்வெட்டு இல்லை என்பதை மேஸ்திரி சொல்லவில்லை.

விடிந்ததும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். கறுப்புப் பெட்டியின் மூடியைக் கழற்றி, வெற்றிப் பார்வை பார்த்தார். உள்ளே எறும்புப் படை. பாயிண்டுக்கு நடுவில் நாலைந்து எறும்புகள் பொரிந்து கருகி ஒட்டியிருந்தன. “இதான் சார் மேட்டர்.” உப்புத்தாளால் தேய்த்து, ஓரத்தில் எறும்புப் பொடி தூவி, முந்நூறு வாங்கிக்கொண்டு போனார். போகிறபோக்கில், மோட்டார் ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் ஓடுவதைப் போல ஐந்தாறு மடங்கு கரண்டை இழுக்கும், இப்படியே விட்டால் காயில் கருகிவிடும் என்று ஒரு பயத்தையும் தூவிவிட்டுப் போனார்.

அன்று ராத்திரி காலண்டர் தாளில்: நாற்பத்தைந்து செகண்ட்.

மறுநாள் பிளம்பர். அவர் கறுப்புப் பெட்டியின் பக்கமே திரும்பவில்லை. நேராகக் கிணற்றை எட்டிப் பார்த்தார். “பைப் அடியில இருக்கிற ஃபுட் வால்வு போயிருக்கும். ஏத்துன தண்ணியெல்லாம் திரும்பக் கிணத்துக்கே இறங்குது.” கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அவரும் உதவிக்கு வந்த பையனும் நானுமாக, கயிறு கட்டிப் பைப்பை மேலே இழுத்தோம். ஃபுட் வால்வு வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு தவளையும் வந்தது. தவளை என்னைப் பார்த்த பார்வையில், ‘இந்த வால்வு நன்றாகத்தானே இருக்கிறது’ என்பது தெளிவாக இருந்தது. பிளம்பர் மொழியே எனக்கு முழுசாகப் புரியாது, தவளை மொழிக்கு எங்கே போவேன்? புது வால்வு, கூலி, பையனுக்கு டீ என்று ஆயிரத்து எண்ணூறு. தவளையை வாளியில் விட்டுப் பத்திரமாகக் கிணற்றுக்குள் இறக்கினோம்.

ராத்திரி: நாற்பத்தைந்து செகண்ட். இந்த முறை அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நானும் ஒன்றும் தெரியாதவன் இல்லை. போன மாதம் பின்பக்க பாத்ரூமில் ஃபிளஷ் டேங்க் ரிப்பேரானபோது, ஆளைக் கூப்பிடாமல், பழைய சைக்கிள் ட்யூப்பை வட்டமாக வெட்டி உள்ளே போட்டு, முழு செட்டும் மாற்றுகிற செலவை மிச்சம் பிடித்தவன் நான். அந்தச் சாதனையை வீட்டில் பலமுறை நினைவூட்டியும் இருக்கிறேன்.

அடுத்த வீட்டு மாமாவிடம் போனேன். ரயில்வே பட்டறையில் முப்பது வருடம் இருந்தவர். வந்தவர் எதையும் கழற்றவில்லை. தர்ப்பூசணி வாங்குகிறவர் மாதிரி விரல் முட்டியால் டேங்கைத் தட்டினார். மேலே ‘மொத்’. நடுவில் ‘மொத்’. கீழேயும் ‘மொத்’.

“ஒரு பக்கமாவது ணங்குன்னு கேக்கணும்டா. இதுக்குள்ள காத்தே இல்லை.”

“தண்ணி டேங்குல காத்து எதுக்கு மாமா?”

அப்போது அவர் சொன்னதுதான் மூன்று நாளில் நான் கேட்ட முதல் உருப்படியான பேச்சு. டேங்குக்குள் ஒரு ரப்பர் பை இருக்கிறது. தண்ணீர் பைக்குள், காற்று பைக்கு வெளியே. தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது, காற்றை முடியும். மோட்டார் தள்ளுகிற தண்ணீர் பையை ஊதி, காற்றை நெருக்கும். மோட்டார் நின்ற பிறகு அந்தக் காற்றுதான் ஸ்பிரிங் மாதிரி தண்ணீரைக் குழாய்க்குத் தள்ளுகிறது. காற்று இல்லாவிட்டால் ஒரு டம்ளர் தண்ணீர் போனாலே அழுத்தம் சரிந்து மோட்டார் ஓட வேண்டியதுதான். மோட்டாரை அணைத்து, குழாயைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு, டேங்கின் தலையில் இருந்த பிளாஸ்டிக் மூடியைத் திருகினார். உள்ளே பைக் டயரில் இருப்பது போலவே ஒரு வால்வு. ஊசியை நகத்தால் அழுத்தினார். தண்ணீர் பீய்ச்சினால் ரப்பர் பை கிழிந்திருக்கிறது என்று அர்த்தமாம். தண்ணீர் வரவில்லை. காற்றும் வரவில்லை. ஒரு பெருமூச்சு கூட இல்லை.

“ஸ்விட்ச் இருபதுல போடுதா? அப்ப பதினெட்டு வைச்சுட்டு வா. எப்பவும் ரெண்டு கம்மி.”

பையனின் சைக்கிள் பம்பை எடுத்து வந்தேன், அதன் வாய் இந்த வால்வில் பொருந்தவில்லை. கழற்றிய டேங்கை ஸ்கூட்டரில் முன்னால் வைத்துக்கொண்டு பஞ்சர் கடைக்குப் போனேன். கடைக்காரர் டேங்கையும் பார்த்தார், ஸ்கூட்டரையும் பார்த்தார்.

“எந்த வண்டிக்கு சார்?”

“கிணத்துக்கு.”

வாழ்க்கையில் எத்தனையோ பைத்தியத்தைப் பார்த்தவர் போலிருக்கிறது, மேற்கொண்டு கேட்கவில்லை. பதினெட்டு என்றதும்தான் மனசு கேட்காமல், “முப்பதா வைச்சுடறேன் சார், ரெண்டு பேர் உட்கார்ந்தாலும் தாங்கும்” என்றார். வேண்டாம், இதில் யாரும் உட்காரப் போவதில்லை என்று சொல்லி, பத்து ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன்.

மாட்டி, மோட்டாரைப் போட்டதும் வீடு அமைதியானது. அன்று ராத்திரி ஒரு மணி வரை அசந்து தூங்கினேன். ‘டக், டுர்ர்ர்.’ இம்முறை ‘டுர்ர்ர்’ சற்று நீளம். பக்கத்தில் காலண்டர் தாள் சரசரத்தது.

“நாற்பது நிமிஷத்துக்கு ஒரு தடவை” என்றாள் இருட்டில்.

“முன்னேற்றம்தானே?”

“குழாய் எல்லாம் மூடியிருக்கிறப்போ எதுக்கு ஓடணும்?”

கேள்வி சரிதான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். டேங்க் ஒரு தடவைக்குக் கொடுப்பது சுமார் எட்டு லிட்டர். நாற்பது நிமிடத்தில் எட்டு லிட்டர் என்றால் நிமிடத்துக்கு இருநூறு மில்லி. ஒரு நாளைக்கு இருநூற்று எண்பத்தெட்டு லிட்டர் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது. காற்று இறங்கியது ஒரு வியாதி, இது வேறு வியாதி. முதல் வியாதி வந்ததால்தான் இரண்டாவது வெளியே தெரிந்திருக்கிறது.

காலையில் மாமாவைக் கேட்டு, டேங்குக்கு அப்பால் வீட்டுக்குப் போகிற கேட் வால்வை மூடிவிட்டு கேஜின் முன்னால் காபியோடு உட்கார்ந்தேன். முள் இறங்கினால் ஒழுக்கு கிணற்றுப் பக்கம், நின்றால் வீட்டுப் பக்கம். காபி முடிந்தது, பேப்பரில் ராசிபலன் வரை முடிந்தது. முள் முப்பத்தெட்டில் சாமி கும்பிட்டு நின்றது. தவளை சொன்னது சரி.

அப்படியானால் வீட்டுக்குள், சத்தமில்லாமல், கண்ணில் படாமல் தண்ணீர் போகிற ஓர் இடம். அதை நினைத்ததுமே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. சைக்கிள் ட்யூப். வெள்ளைப் பீங்கானில் நூலிழை மாதிரி வழிந்தால் யார் கண்ணுக்குத் தெரியும்?

மனைவியிடம் சொல்ல மனமில்லை. உறுதியாகத் தெரியாமல் ஒரு சாதனையை ஏன் கைவிட வேண்டும்? எல்லோரும் படுத்த பிறகு, வேட்டிக்குப் போடுகிற சொட்டு நீலத்தை எடுத்துப் போய், ஃபிளஷ் டேங்கின் மூடியைத் திறந்து தாராளமாக ஊற்றினேன். ஃபிளஷ் செய்யாமலே விடிவதற்குள் கீழே நீலம் தெரிந்தால் ரப்பர் ஒழுகுகிறது என்று பொருள். ஐந்து மணிக்கு அலாரம் வைத்துக்கொண்டு படுத்தேன்.

அம்மா நாலரைக்கே எழுந்திருப்பாள் என்பதை மறந்துவிட்டேன்.

“டேய்!” என்று ஒரு குரல். ஓடினால், அம்மா பாத்ரூம் வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். “எனக்கு என்னமோ ஆயிடுச்சுடா. நீலமாப் போயிருக்கு.”

உள்ளே பார்த்தேன். பளிச்சென்று மயில் கழுத்து நீலம். சோதனை முழு வெற்றி. ஆனால் அந்த நேரத்தில் ஆனந்தக் கூத்தாட முடியவில்லை. அம்மாவை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மோட்டார், டேங்க், ரப்பர் பை, பஞ்சர் கடை எல்லாவற்றையும் சொல்லி, கடைசியில் சைக்கிள் ட்யூப்பையும் சொல்ல வேண்டியதாயிற்று. மனைவி கதவில் சாய்ந்து நின்று முழுசாகக் கேட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. காலண்டர் தாளை எடுத்து மடித்து, பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். எந்த நாளைக்கென்று தெரியவில்லை.

கடை திறந்ததும் அறுபது ரூபாய்க்குப் புது ரப்பர் வாங்கி மாட்டினேன். மோட்டார் வாயை மூடியது. அதற்குள் திருச்சியிலிருந்து அக்கா போன் செய்துவிட்டாள். நாலரைக்கும் என் விளக்கத்துக்கும் நடுவில் அம்மா அவளைக் கூப்பிட்டிருக்கிறாள்.

ஃபுட் வால்வு முதல் சொட்டு நீலம் வரை பத்து நிமிடம் பொறுமையாக விளக்கினேன். அக்கா எல்லாவற்றுக்கும் ‘ம்’ கொட்டிக் கேட்டாள்.

“அதெல்லாம் சரிடா. எதுக்கும் அம்மாவுக்கு ஒரு யூரின் டெஸ்ட் எடுத்துடு.”